ஒரு மில்லிமீட்டர் மழை, இரண்டு சென்டிமீட்டர் ஏரி

சுவிட்சர்லாந்தின் லுசேர்ணுக்கு வருகிற எல்லோரும் படம் எடுப்பது கப்பெல்புரூக்க என்ற பழைய மரப்பாலத்தை. பதினான்காம் நூற்றாண்டில் கட்டியது. 1993 ஆகஸ்டில் தீப்பிடித்துப் பெரும்பகுதி எரிந்து, அடுத்த ஏப்ரலுக்குள் திரும்பக் கட்டித் திறந்தார்கள். பார்க்க வேண்டிய பாலம்தான். ஆனால் அங்கிருந்து ரொய்ஸ் ஆற்றோடு சில நிமிடம் கீழே நடந்தால், ஸ்ப்ரொயர் பாலத்துக்குச் சற்று முன்னால், என்னை வெகுநேரம் நிறுத்திவைத்த ஒன்று இருக்கிறது. ஆற்றின் குறுக்கே நீளமான மரச்சட்டங்களை ஒன்றோடொன்று ஒட்டி, செங்குத்தாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஊசி அணை என்று பெயர். 1859 முதல் 1861 வரை கட்டியது. தண்ணீரைக் கூடுதலாக விட வேண்டுமா, சில சட்டங்களை உருவி எடுக்க வேண்டும். குறைக்க வேண்டுமா, திரும்பச் செருக வேண்டும். இன்றைக்கும் அதை ஆட்கள் கையால்தான் செய்கிறார்கள்.

இந்த மரச்சட்டங்களுக்குப் பின்னால் நிற்கும் ஏரியின் கொள்ளளவு நம் கணக்கில் 400 டிஎம்சிக்கு மேல். மேட்டூரைப் போல நான்கு மடங்குக்கும் அதிகம். அந்த ஏரியின் மட்டத்தைச் சில சென்டிமீட்டர் ஏற்றுவதும் இறக்குவதும் இந்த ஊசிகளின் வேலை. எத்தனை ஊசியை எப்போது உருவ வேண்டும் என்பதற்கு, மலையில் எவ்வளவு மழை எவ்வளவு நேரத்தில் பெய்தது என்று தெரிய வேண்டும். "எவ்வளவு" மட்டும் தெரிந்தால் போதாது.

நான் போயிருந்தபோது மழை. லுசேர்ணில் மழையைத் தவிர்த்துவிட்டுப் பயணம் போவது கடினம். 1961 முதல் 1990 வரையிலான சராசரிப்படி ஆண்டுக்கு 1,171 மி.மீ. மழை, 138 மழை நாட்கள். சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மி.மீ. ஆக, மொத்தத்தைப் பார்த்தால் சென்னை லுசேர்ணைவிடக் கொஞ்சம் ஈரமான ஊர். இதை என்னைத் தங்க வைத்திருந்த அண்ணனிடம் சொன்னேன். கிளிநொச்சிப் பக்கத்துக்காரர், இங்கே வந்து குடியேறிப் பல காலமாகிறது. அவர் நம்பவில்லை.

"என்ன சொல்லுறீங்கள் தங்கச்சி, இஞ்ச எப்ப பாத்தாலும் மழைதானே?"

அவர் சொன்னதும் உண்மை, எண்ணும் உண்மை. மொத்தத்தை நாட்களால் வகுத்தால் இரண்டும் ஒத்துப்போகும். 1,171ஐ 138ஆல் வகுத்தால் லுசேர்ணில் ஒரு மழை நாளுக்கு எட்டரை மி.மீ. சென்னையில் மழை நாட்கள் ஆண்டுக்கு அறுபதுக்கும் குறைவு. அறுபது என்றே வைத்தாலும் நாளுக்கு 23 மி.மீ.க்கு மேல் வருகிறது. இங்கே சிறுகச் சிறுக, அங்கே மொத்தமாக. மாதவாரியாகப் பார்த்தால் லுசேர்ணுக்குள்ளேயும் வேறுபாடு உண்டு. பிப்ரவரியில் 61 மி.மீ., 10.2 நாட்கள்: நாளுக்கு ஆறு. ஜூனில் 153 மி.மீ., 14.2 நாட்கள்: நாளுக்கு ஏறக்குறைய பதினொன்று. பிப்ரவரியைவிட ஜூனில் நான்கு மழை நாள்தான் கூடுதல். ஆனால் பெய்கிற ஒவ்வொரு நாளும் கிட்டத்தட்ட இரட்டிப்பாகப் பெய்கிறது. கோடை இடிமழையின் குணம் அந்த வகுத்தலில் வெளியே வந்துவிடுகிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். சுவிட்சர்லாந்தில் 1 மி.மீ. பெய்தாலே அது மழை நாள். இந்திய வானிலை ஆய்வுத் துறை 2.5 மி.மீ. பெய்தால்தான் மழை நாள் என்று கணக்கில் சேர்க்கும். இரண்டு ஊர்களையும் ஒரே சல்லடையில் சலித்தால் சென்னையின் நாட்கள் கொஞ்சம் கூடும், நாளுக்கான அளவு கொஞ்சம் குறையும். வேறுபாடு மறைந்துவிடாது. ஆனாலும் வகுக்கும் எண் எப்படி வந்தது என்று கேட்காமல் விடையை ஒப்பிடக் கூடாது.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே, ஏரிக்கரையில், ஜான் நூவெல் வடிவமைத்த கலை மன்றம் நிற்கிறது. அதன் கூரை தண்ணீருக்கு மேலே வெகுதூரம் நீண்டு நிற்கும். பரப்பு ஏறத்தாழ 12,000 சதுர மீட்டர். அந்தக் கூரைக்கடியில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது அண்ணனுடைய மகள் கேட்டாள், பள்ளியில் படிக்கிறவள்: மில்லிமீட்டர் என்பது நீளம், மழை தண்ணீர், தண்ணீரை எப்படி நீளத்தால் அளப்பது?

நல்ல கேள்வி. பெரியவர்களில் பலருக்கும் இதற்கு விடை தெரியாது. ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மி.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது சரியாக ஒரு லிட்டர். எனவே "ஒரு மி.மீ. மழை" என்பதே ஒரு வீதம்தான்: சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். சுவிஸ் ஜெர்மன் செய்திகளில் பல நேரம் மழையை அப்படியே, சதுர மீட்டருக்கு இத்தனை லிட்டர் என்று சொல்கிறார்கள். மழைமானியின் வாய் பெரிதோ சிறிதோ, கணக்கு மாறாது. ஐரோப்பாவில் வெகுகாலமாகப் புழங்கும் ஹெல்மன் மானியின் வாய் 200 சதுர சென்டிமீட்டர், அதில் ஒரு மி.மீ. மழைக்கு 20 மில்லிலிட்டர் சேரும். எங்கள் தலைக்கு மேலிருந்த கூரையில் ஒரு மி.மீ. பெய்தால் 12,000 லிட்டர். சென்னைத் தெருக்களில் கோடையில் வந்து நிற்கும் பெரிய தண்ணீர் லாரி ஒன்று. பத்து மி.மீ. பெய்தால் பத்து லாரி. அந்தப் பெண் அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். பிறகு தன் வீட்டு மாடி முகப்பின் பரப்பு என்ன என்று அப்பாவைக் கேட்க ஆரம்பித்தாள்.

நம் ஊர்க் கணக்கையும் அங்கேயே போட்டுப் பார்த்தேன். சென்னையில் ஒரு கிரவுண்டு என்றால் 2,400 சதுர அடி, அதாவது 223 சதுர மீட்டர். ஒரு மி.மீ. மழைக்கு 223 லிட்டர். ஆண்டு முழுக்க 1,400 மி.மீ. என்றால் மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம் லிட்டர். 365ஆல் வகுத்தால் நாளுக்கு 850 லிட்டருக்கு மேல். ஒரு குடும்பம் தாராளமாகப் புழங்கப் போதும். தமிழ்நாட்டில் 2003ல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். குழாயும் போட்டோம், குழியும் தோண்டினோம். ஆனால் தன் கூரை ஒரு மி.மீ. மழைக்கு எத்தனை லிட்டர் தரும் என்று எத்தனை வீட்டுக்காரர்களுக்குத் தெரியும்? தெரிந்திருந்தால் அந்தக் குழி தூர்ந்து போகும்போது மனசு பதறியிருக்கும்.

மழை சற்று விட்ட ஒரு நாளில் பிலாத்துஸ் மலைக்குப் போனோம். 1889 முதல் ஓடும் பல்சக்கர ரயில் அது, மலைச்சரிவில் 48 விழுக்காடு ஏற்றத்தில் ஏறுகிறது. பல்சக்கர ரயில்களில் உலகிலேயே செங்குத்தானது. உச்சி 2,128 மீட்டர். இந்த மலைக்கும் மழைக்கும் பழைய பகை உண்டு. இயேசுவுக்குத் தண்டனை விதித்த பிலாத்துவின் உடல் இந்த மலையில் உள்ள சிறு குளத்தில் கிடக்கிறது என்றும், அதில் யாராவது கல்லெறிந்தால் புயலும் மழையும் பொங்கி நகரத்தை அழிக்கும் என்றும் ஊர் நம்பியது. மலையேறத் தடையே இருந்தது. தடையை மீறிய ஆறு குருமாரை 1387ல் சிறையில் போட்டார்கள். கடைசியில் 1585ல் நகரத்தின் பங்குத்தந்தை யோஹன்னஸ் முல்லர் ஊர்மக்களைக் கூட்டிக்கொண்டு மேலே போய், குளத்தில் கற்களை எறிந்து காட்டினார். ஒன்றும் நடக்கவில்லை.

மழை எங்கிருந்து, ஏன் வருகிறது என்ற அச்சத்தைக் கல்லெறிந்து தீர்த்தார்கள். எவ்வளவு வருகிறது என்று நாடு முழுக்க அளக்க இன்னும் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் ஆயின. 1863 டிசம்பரில் சுவிட்சர்லாந்து முழுக்க 88 இடங்களில் ஒரே முறையில் வானிலையை அளக்கத் தொடங்கினார்கள். நாம் இதில் பின்தங்கியவர்கள் அல்ல. சென்னை வானாய்வகம் 1792லேயே வந்துவிட்டது. இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875ல் பிறந்தது.

பிலாத்துஸ் உச்சியில் நின்று பார்த்தால் கீழே ஏரி கைகால்களை நாலா பக்கமும் நீட்டிக் கிடக்கிறது. ஊரிப் பள்ளத்தாக்கிலிருந்து வரும் ரொய்ஸ், முயோட்டா, எங்கல்பெர்க் ஆ, சார்னர் ஆ என்ற ஆறுகள் அதில் வந்து விழுகின்றன. வெளியே போகும் வழி ஒன்றே ஒன்று, லுசேர்ண் நகரம். இந்தப் பயணத்தில் என்னை மிகவும் ஆட்டிய கணக்கு இங்கேதான் கிடைத்தது.

நகரத்தைக் கடக்கும் ரொய்ஸில் சராசரியாக நொடிக்கு 110 கன மீட்டர் தண்ணீர் ஓடுகிறது. நம் வழக்கில் ஏறக்குறைய 3,900 கன அடி. அதற்கு மேலே உள்ள நீர்ப்பிடிப்புப் பகுதி சுமார் 2,250 சதுர கிலோமீட்டர். ஓர் ஆண்டில் ஓடும் தண்ணீரையெல்லாம் சேர்த்து அந்த நிலப்பரப்பின் மேல் சமமாகப் பரப்பினால் எத்தனை உயரம் நிற்கும்? வகுத்துப் பார்த்தேன். 1,540 மி.மீ. வந்தது.

நகரத்து மானி காட்டுவது 1,171. ஆறு கொண்டு வருவது 1,540. பெய்ததைவிட ஓடுவது எப்படி அதிகமாகும்? அதுவும் பெய்ததில் ஒரு பங்கு ஆவியாகிப் போகிறது, மரங்கள் குடித்துவிடுகின்றன. அதையும் சேர்த்தால் பெய்தது 1,540ஐவிடக் கணிசமாக அதிகமாக இருக்க வேண்டும். உருகும் பனியாறுகள் தருவது இதில் சிறு பங்கு. மீதியெல்லாம் மலையில் பெய்த மழையும் பனியும். ஈரக்காற்று மலைமேல் ஏறும்போது குளிர்ந்து, தாங்கமுடியாத நீரை அங்கேயே இறக்கிவிடுகிறது. நகரத்து மானி தன் தலைமேல் விழுந்ததை மட்டும்தான் சொல்ல முடியும். மலையில் எவ்வளவு பெய்தது என்பதை, யாரும் மானி வைக்காத முகடுகளில் எவ்வளவு பெய்தது என்பதையும் சேர்த்து, ஆறு சொல்கிறது. அதைக் கேட்க ஒரு வகுத்தல் போதும்.

நமக்கும் இது புதிதல்ல. கோயம்புத்தூரில் ஆண்டுச் சராசரி 700 மி.மீ.க்குள்தான். ஆனைமலை ஏறி வால்பாறைக்கு அப்பால் சின்னக் கல்லாறு போனால் 3,000 மி.மீ.க்கு மேல். ஆழியாறும் பரம்பிக்குளமும் எதை நம்பியிருக்கின்றன என்பதைச் சமவெளியில் பெய்யும் மழையை வைத்து யாராலும் சொல்ல முடியாது.

ஏரியின் பரப்பு 114 சதுர கிலோமீட்டர். நீர்ப்பிடிப்புப் பகுதி 2,250. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் ஏறக்குறைய இருபது. அப்படியென்றால் நீர்ப்பிடிப்பு முழுக்க ஒரே ஒரு மி.மீ. மழை பெய்து அத்தனையும் ஏரிக்கு வந்துவிட்டால், ஏரி 20 மி.மீ., அதாவது இரண்டு சென்டிமீட்டர் உயரும். ஐம்பது மி.மீ. என்றால் ஒரு மீட்டர். மண் கொஞ்சம் குடிக்கும், உயரத்தில் பனியாக நின்றுவிடும், ஆகவே முழுசும் வராது. ஆனால் மண் ஏற்கெனவே நனைந்து கிடந்தால் அது குடிப்பதும் குறைந்துவிடும்.

வெளியே போவதற்கும் ஒரு வீதம் இருக்கிறது. ஏரியை ஒரு சென்டிமீட்டர் இறக்க 11 லட்சத்து 40 ஆயிரம் கன மீட்டர் போக வேண்டும். உள்ளே ஒரு சொட்டும் வராமல் நின்று, ரொய்ஸ் தன் சராசரி வேகத்தில் ஓடினால் அதற்கு மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். மலையில் ஒரு மி.மீ. பெய்ய, நல்ல மழை என்றால், சில நிமிடம் போதும். அது ஏற்றிய இரண்டு சென்டிமீட்டரை இறக்க ஆறு மணி நேரம். இந்த இரண்டு வீதங்களுக்கும் இடையிலுள்ள பொருத்தமின்மைதான் வெள்ளம்.

2005 ஆகஸ்டில் அதுதான் நடந்தது. ஆல்ப்ஸின் வடசரிவில் விடாமல் பெய்த மழையில் ஏரி கடல்மட்டத்திலிருந்து 435.2 மீட்டரைத் தொட்டது. வழக்கமான மட்டத்தைவிட ஒன்றரை மீட்டருக்கு மேல். பழைய நகரத்தின் தெருக்களில் தண்ணீர் நின்றது. மக்கள் பலகைப் பாலம் போட்டு நடந்தார்கள். எங்கல்பெர்க் பள்ளத்தாக்குக்குச் சாலையும் ரயிலும் துண்டிக்கப்பட்டன. நாடு முழுவதும் ஆறு பேர் இறந்தார்கள். சேதம் சுமார் மூன்று பில்லியன் பிராங்க். ஊசிகளையெல்லாம் உருவிய பிறகும் ஆற்றின் வாய் போதவில்லை. அதன்பின் 2009 முதல் 2011 வரை அணையைப் புதுப்பித்து, பக்கவாட்டில் கூடுதல் மதகு அமைத்தார்கள். பழைய ஊசிகளை எடுத்துவிட்டு முழுக்கக் கான்கிரீட்டாக மாற்றாமல், வெளியேறும் வீதத்தை மட்டும் கூட்டினார்களே, அந்த முடிவை நான் மதிக்கிறேன். 2021 ஜூலையில் ஏரி மீண்டும் வெள்ள எல்லையைத் தாண்டியது. ஆனால் 2005 உயரத்துக்குப் போகவில்லை.

அண்ணனை அழைத்துக்கொண்டு போய் அந்த ஊசிகளைக் காட்டி, ஒரு மி.மீ.க்கு இரண்டு சென்டிமீட்டர் என்று சொன்னபோது அவர் சிரித்தார்.

"இது எங்கட அப்பா சொல்லுற கணக்குத்தானே! மழை எவ்வளவு எண்டு கேட்டா அவர் சொல்ல மாட்டார். இரணைமடுக் குளம் எத்தனை அடி ஏறினது எண்டுதான் சொல்லுவார். அத வச்சுத்தான் சிறுபோகம் எத்தினை ஏக்கர் எண்டு கூட்டத்தில பேசுவினம்."

அதுவும் வீதம்தான். குளத்தில் இத்தனை ஏக்கர் அடி இருக்கிறது, ஓர் ஏக்கர் நெல்லுக்கு இத்தனை ஏக்கர் அடி வேண்டும், எனவே இத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் தரலாம். வன்னி விவசாயிகள் ஒவ்வொரு போகத்துக்கும் முன்னால் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கும் கணக்கு. நம் தென்மாவட்டங்களில் "ஒரு உழவு மழை", "ரெண்டு உழவு மழை" என்று சொல்கிறவர்களும் மழையை மண்ணின் தேவையால் வகுத்துத்தான் சொல்கிறார்கள். மானியின் உயரத்தைவிட விதைக்கப் போதுமா என்பது அவர்களுக்கு முக்கியம்.

சுவிஸ் வானிலை நிலையத்தின் தானியங்கி மானிகள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மழையை அளந்து அனுப்புகின்றன. 2018 ஜூன் 11 அன்று லொசான் நகரத்தில் பத்தே நிமிடத்தில் 41 மி.மீ. பெய்தது, அந்நாட்டின் பத்து நிமிட உச்சம். நிமிடத்துக்கு 4.1. மணிக்கு என்று மாற்றினால் 246 மி.மீ. அந்த எண்ணைக் கவனமாகக் கையாள வேண்டும். ஒரு மணி நேரம் அப்படிப் பெய்யவில்லை. பத்து நிமிடம் அந்த வேகத்தில் பெய்தது, அவ்வளவே. மற்றொரு பக்கம், 2023 டிசம்பர் 18 காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் நம் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் பெய்தது. லுசேர்ண் ஓர் ஆண்டில் பெறும் மழையில் ஐந்தில் நான்கு பங்கு, ஒரே நாளில். மணிக்கு 40 மி.மீ. என்று வருகிறது, லொசானின் வேகத்தில் ஆறில் ஒரு பங்கு. ஆனால் நிற்கவேயில்லை. லொசானில் சாக்கடை வாய் பத்து நிமிடத்தில் திணறியது. தாமிரபரணிக் கரையிலோ குளங்களே உடைந்தன. முதலாவதற்குக் குழாயின் அகலம் தேவை, இரண்டாவதற்குக் குளமும் கண்மாயும் வாய்க்காலும் தேவை. எந்த வீதம் எந்த ஆபத்தைச் சொல்கிறது என்று பிரித்துப் பார்க்காமல் வடிகால் திட்டம் போட முடியாது.

இதில் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. நம் செய்திகளில் மழை எப்போதும் ஒரே ஓர் எண்ணாகத்தான் வருகிறது: இன்ன ஊரில் இத்தனை சென்டிமீட்டர். காலை எட்டரை முதல் மறுநாள் எட்டரை வரையிலான மொத்தம் அது. 64.5 மி.மீ.யைத் தொட்டால் கனமழை, 115.6ஐத் தொட்டால் மிக கனமழை, 204.4ஐத் தாண்டினால் அதி கனமழை. இந்த வகைப்பாடு நல்லது, உயிர்களைக் காக்கிறது. ஆனால் 72 மி.மீ. நாள் முழுக்கப் பரவிப் பெய்தால் மணிக்கு மூன்று. தியாகராய நகரில் குடையோடு கடைக்குப் போய்வரலாம். அதே 72 ஒரு மணி நேரத்தில் கொட்டினால் சுரங்கப்பாதையில் பேருந்து மூழ்கும். இரண்டுக்கும் மறுநாள் பத்திரிகையில் ஒரே எண், ஒரே "கனமழை". தானியங்கி மானிகள் தமிழ்நாட்டிலும் இருக்கின்றன. மணிவாரி அளவைச் சேர்த்துச் சொல்ல இன்னும் ஒரு வரி போதும். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்த நாளைப் பற்றி இன்றுவரை எத்தனையோ பேசுகிறோம். எந்த மணியில் எவ்வளவு பெய்தது, எந்த மணியில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து எவ்வளவு தண்ணீர் திறந்தார்கள் என்பதை மணிக்கு மணி பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அந்தப் பேச்சில் சத்து இருக்கும்.

இங்கே போட்ட வகுத்தலெல்லாம் ஆறாம் வகுப்புக் கணக்கில் ஓரலகு முறை என்ற பெயரில் வருகிறது. பத்துப் பேனா இத்தனை ரூபாய் என்றால் ஒரு பேனா எவ்வளவு என்று கேட்கிறோம். பிள்ளைகள் போட்டுவிடுவார்கள், மறந்தும் விடுவார்கள். நேர்ப்பக்கச் சுவருள்ள ஒரு கண்ணாடிப் பாட்டிலும் ஓர் அளவுகோலும் இருந்தால் எந்தப் பள்ளி முற்றத்திலும் மழைமானி வைக்கலாம். லுசேர்ண் பெண் தன் மாடி முகப்புக்குக் கணக்குப் போட்டதைப் போல, காயல்பட்டினத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு கேள்வி கொடுக்கலாம். உங்கள் பள்ளிக் கூரை 500 சதுர மீட்டர். ஒரே நாளில் 950 மி.மீ. பெய்தது. கூரையில் விழுந்தது எத்தனை லிட்டர்? மணிக்கு எத்தனை? கூரைமூலையில் உள்ள குழாய் ஒரு நிமிடத்தில் எத்தனை வாளி நிரப்புகிறது என்று நீங்களே அளந்து பாருங்கள். அப்படியானால் அந்தக் கூரைக்கு எத்தனை குழாய் வேண்டும்?